கர்னல் பெயர் கூப்பிடுகிறது

ஓடுகிறது, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மேசைக்கடியில் கணினிப் பெட்டியை முழங்காலால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அதன் சூடும் விசிறியின் நடுக்கமும் கால் வழியாக ஏறுகின்றன, எழுதிய நிரலைக் கணினி தன் மொழிக்கு மாற்றிக்கொள்கிற இந்தக் கம்பைல் முடிய எப்படியும் டீ வரும் நேரம் ஆகிவிடும், அதுவரை எனக்கு ஒரு வேலையும் இல்லை, வேலை இல்லாத நேரம் எனக்கு ஆகவே ஆகாது. கீழே லேத் பட்டறையில் யாரோ இரும்பைக் கடைகிறார்கள், பீளமேட்டில் இந்தச் சத்தம் கேட்காத மாடி எங்கே இருக்கிறது, பம்ப் மோட்டாருக்கு அடிக்கும் வார்னிஷ் வாசனை ஜன்னல் வழியாக வருகிறது, அதற்கு நடுவே கொய்யாப்பழ வாசனை, எதிர்மேசையில் ஃபர்ஹானா மிளகாய்த்தூள் போட்ட கொய்யாவைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், மரியாதைக்குக்கூட ஒரு துண்டு நீட்டவில்லை, கேட்டால் உங்களுக்கு வயிறு சரியில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் சார் என்பாள், அது போன வாரம் சொன்னது, என் வயிற்றுக்கு என்ன ஆயுள் தண்டனையா கொடுத்திருக்கிறார்கள். பழக்கத்தில் என் விரல்கள் என் பழைய பிரெய்ல் பட்டையைத் தடவுகின்றன, விசைப்பலகைக்கு முன்னால் நீளமாக, வரிசை வரிசையாகச் சின்ன ஊசிமுனைகள், கணினி எழுத எழுத அவை எழும், அடங்கும், பிறவியிலேயே பார்வை இல்லாத எனக்கு அதுதான் திரை, இப்போது அதில் கம்பைல் ஆகும் கோப்புகளின் பெயர்கள் ஓடுகின்றன, ஒலி அட்டை, வலை அட்டை, எந்த நாட்டிலோ எவனோ எழுதிய, எனக்கு ஒருநாளும் தேவைப்படப் போகாத ஜாய்ஸ்டிக். கணினியின் எல்லா உறுப்பையும் ஆட்டிவைக்கிற அடிநிரல், ஊர் உலகமே சேர்ந்து எழுதிய கர்னல், அதன் ஒரு மூலையில் பிரெய்ல் பட்டையை அதனோடு பேசவைக்க நான் எழுதிய சின்ன ட்ரைவர் ஒன்று, சற்குணம் என்று அதன் தலைப்பில் என் பெயர் வேறு, அந்த ட்ரைவர் இன்றைக்கு ஒழுங்காக வேலை செய்யுமா செய்யாதா என்பதுதான் கேள்வி, எனக்கு மட்டும் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், செல்வநாயகி டீ நேரத்துக்கு வந்துவிடுவாள்.

செல்வநாயகி அருப்புக்கோட்டைக்காரி, அவளுக்கும் என்னைப் போலப் பிறவியிலேயே பார்வை இல்லை, சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் காதையும் கொண்டுபோய்விட்டது, அதற்குள் பேசக் கற்றுக்கொண்டிருந்ததால் பேச்சு மட்டும் மிஞ்சியது, தன் குரல் தனக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவாள். அவள் பேசுவது எல்லோருக்கும் போய்ச்சேரும், மற்றவர் பேசுவது அவளுக்குப் போய்ச்சேர ஒரே வழி தம்பி முத்துவேல், அவள் விரல்களின் மேல் பிரெய்ல் புள்ளிகளாகத் தட்டிக் காட்டுவான், அப்படியொரு வேகம் அவனுக்கு. அந்த முத்துவேலுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது, விசாவும் வந்துவிட்டது, அக்காவை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறான். அப்பா அம்மாவுக்குத் தட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை, அவன் போய்விட்டால் அந்த வீட்டில் அவளோடு பேச ஆளே கிடையாது. இங்கே நாங்கள் செய்கிற பெட்டி அதற்குத்தான், விசைப்பலகையும் பிரெய்ல் பட்டையும் சேர்ந்த ஒற்றைப் பெட்டி, யாராவது போனில் எழுதினால் அவள் விரலுக்கடியில் எழும், அவள் தட்டினால் அவர்கள் போனில் விழும். போன முறை இருவரும் வந்தபோது மாதிரிப் பெட்டியின் மேல் அவள் கையை வைத்தோம், ஃபர்ஹானா தன் மேசையிலிருந்து சாப்பிட்டாச்சா என்று எழுதினாள், அவ்வளவுதான், செல்வநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை தடவினாள், "யாரு இது, முத்து இல்லையே, புது ஆளா இருக்கே" என்று கூவிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் கீழே லேத் நின்றுவிட்டது என்று ஃபர்ஹானா இன்றைக்கும் சத்தியம் செய்வாள். ஆனால் அன்றைக்குப் பெட்டியை ஆன் செய்தவன் நான். அவளே தனியாக ஆன் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பெட்டியை ஆன் செய்ததும் முதலில் எழுந்து உட்காருவது கர்னல், எழுந்ததும் அது தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தேடும், விசைப்பலகை இருக்கிறதா, வலை இருக்கிறதா, பிரெய்ல் பட்டை இருக்கிறதா என்று. சில சமயம் பட்டை கிடைப்பதில்லை. பட்டை இங்கேதான் இருக்கிறது, என் கட்டைவிரலுக்கடியில் இருக்கிறது, கர்னல் மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். நானாக இருந்தால் ட்ரைவரைக் கையால் திரும்ப ஏற்றினால் போதும், உடனே கிடைத்துவிடும், பார்வை உள்ளவர்களுக்குத் திரையில் தெரியும், எனக்குக் கணினி குரலில் சொல்லும், அவளுக்கு யார் சொல்வது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் போன வாரமே இதைச் சரிசெய்துவிட்டேன் என்று நான் மைசூர்பாகு வாங்கி அலுவலகம் முழுக்கக் கொடுத்துவிட்டேன். நடந்தது இதுதான், எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடிக்க ட்ரைவருக்குள் அடிக்கு ஒரு லாக் போட்டேன், இங்கே வந்தேன், இங்கிருந்து கிளம்பினேன், பட்டையைக் கூப்பிட்டேன் என்று அது நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டே போகும்படி. லாக் போட்டதும் பட்டை கிடைத்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. நடுவில் வேறு ஏதோ ஒரு வரியையும் மாற்றியிருந்தேன், அந்த வரிதான் காரணம் என்று நம்பி, அதற்கு ஒரு விளக்கமும் கட்டி, அந்த விளக்கத்தை எங்கள் மேலாளர் வெங்கடபதி சாருக்குப் படம் போட்டுக் காட்டாத குறையாகச் சொல்லி, அவர் முதுகில் தட்டி, நான் மைசூர்பாகு வாங்கி, எல்லாம் ஆயிற்று. மறுநாள் லாக்கை எல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டு ஆன் செய்தால் பட்டை செத்துக் கிடக்கிறது. லாக் போட்டால் இருக்கிறது, எடுத்தால் இல்லை. வேவு பார்க்கும் வரை யோக்கியனாக நடந்துகொண்டு தலையைத் திருப்பியதும் வேலையைக் காட்டுகிறது. லாக்கோடு அப்படியே கொடுத்துவிடலாமே சார் என்றாள் ஃபர்ஹானா, சிரிக்காமல் சொன்னாள், முந்தின நாள் மிச்சமான மைசூர்பாகு அவள் வாயில் இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற அவமானம் இது, வெளியில் சொன்னால் யாருக்கும் புரியாது, என் மனைவியிடம் சொன்னேன், அப்படியென்றால் வேவு பார்த்துக்கொண்டே இருங்களேன் என்றாள், என்னைத் தவிர எல்லோருக்கும் இது எளிதாகத்தான் இருக்கிறது.

வெங்கடபதி சாருக்கும் எளிதுதான். மனிதர் நல்லவர், கோயம்புத்தூர்க்காரர்களுக்கே உரிய அந்தப் பொறுமையோடு காலையில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ஏனுங்க சற்குணம், பட்டையத் தேடறதுக்கு முன்னால கொஞ்சம் பொறுன்னு கர்னல்கிட்டச் சொல்லிட்டா முடிஞ்சுதுங்களே" என்றார். அதைத்தான் இப்போது கம்பைல் செய்துகொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. சும்மா தூங்கு, பிறகு தேடு, அவ்வளவுதான் நான் சேர்த்திருக்கிற வரி, காரணம் தெரியாமல் போட்ட வரி. எவ்வளவு நேரம் தூங்கினால் போதும் என்று யாருக்குத் தெரியும், இங்கே போதும், இந்த வெயிலில் போதும், அருப்புக்கோட்டையில் மின்சாரம் போய்ப் போய் வரும் வீட்டில் போதுமா, பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது போதுமா. இன்றைக்கு முடியவில்லை என்றால் பெட்டியைக் கொடுக்க வேண்டாம், இன்னொரு நாள் வரச் சொல்லலாம் என்கிறார் சார், இன்னொரு நாள் என்றால் முத்துவேலின் விசா காத்திருக்காது, அவன் அதைக் காரணம் காட்டியே போகாமல் இருந்துவிடுவான், பிறகு ஆயுளுக்கும் அக்கா மேல் ஒரு கோபம் அவனுக்குள் உட்கார்ந்திருக்கும், அக்காவுக்கும் அது தெரியும், விரலில் தட்டும்போது தெரியாமலா போகும், கோபமாகத் தட்டுகிற விரல் வேறு மாதிரி இருக்கும். கொடுத்துவிட்டாலோ, அதை நினைத்தால்தான் இந்த வெயிலிலும் எனக்கு உடம்பு சில்லிடுகிறது, முத்துவேல் மஸ்கட் போய்விட்டான், ஒரு காலையில் அவள் தனியாகப் பெட்டியை ஆன் செய்கிறாள், பட்டை மேல் விரலை வைத்துக் காத்திருக்கிறாள், வழவழவென்று இருக்கிறது, ஒரு புள்ளி எழவில்லை, பெட்டி ஆன் ஆகிவிட்டதா என்றும் தெரியாது, மின்சாரம் இல்லையா என்றும் தெரியாது, தம்பி எழுதவில்லை என்று நினைத்துக்கொள்வாள், பெட்டியைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றாது, அவன் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு பகல் முழுக்க விரலை எடுக்காமல் உட்கார்ந்திருப்பாள். சே. கோப்புகள் ஓடுகின்றன, அச்சு இயந்திரம், அச்சு இயந்திரம், இன்னோர் அச்சு இயந்திரம், இத்தனை ஜென்மத்துக்கும் ட்ரைவர் எழுதிய புண்ணியவான்கள் காரணம் தெரியாமலா எழுதினார்கள்.

கர்னலைக் கோபித்துப் பயன் இல்லை, அது பாவம், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி பெயர் கூப்பிடுகிறது, பதில் வந்தால் வைத்துக்கொள்கிறது, வராவிட்டால் அடுத்த பெயர். எங்கள் விடுதிப் பள்ளியில் தாவீது சார் அப்படித்தான் கூப்பிடுவார், அவருக்கும் பார்வை கிடையாது, எங்களுக்கும் கிடையாது, அதனால் உள்ளேன் ஐயா என்று குரல் வந்தால்தான் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், சத்தம் போடாதவன் வகுப்பிலேயே இல்லை. ஆபிரகாம் என்று ஒருவன் இருந்தான், திக்குவாய், அவன் பெயர் வந்ததும் உ, உ, உ என்று ஆரம்பிப்பான், உள்ளேன் வந்து சேர்வதற்குள் சார் பத்து பேரைத் தாண்டியிருப்பார், மதியச் சாப்பாட்டில் முட்டை போடுகிற நாளில் வருகைக் கணக்குப் பார்த்துத்தான் முட்டை வரும், ஆபிரகாம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டே முட்டை தின்னாமல் இருந்தான். சார் கெட்டவர் இல்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று ஆபிரகாம் பெயருக்குப் பிறகு நின்றுகூடப் பார்த்தார், சில நாள் அது போதும், சில நாள் போதாது, வாய்க்கு எப்போது கதவு திறக்கும் என்று அவனுக்கே தெரியாது. பிறகு எப்படிச் சரியாயிற்று, ஏதோ ஒன்று செய்தார்கள், ஆமாம், கடைசியில் எல்லாப் பெயரும் முடிந்தபிறகு, விட்டுப்போனவன் எவனாவது இருக்கியாடா என்று சார் ஒரு கேள்வி கேட்பார், அப்போது ஆபிரகாம் உள்ளேன் என்று கூரை அதிரக் கத்துவான், முட்டையும் வந்தது. கர்னலிலும் அந்த வசதி இருக்கிறதே, இப்போது தயாரில்லை, பிறகு வா என்று ஓர் உறுப்பு சொன்னால் கர்னல் அதைத் தனியாக ஒதுக்கி வைத்து, வேறு ஏதாவது எழுந்து தயாரானதும் திரும்ப வந்து கேட்கும், கேட்டுக்கொண்டே இருக்கும், எத்தனை நேரம் தூங்க வேண்டும் என்று யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. அப்படியிருக்க ஏன் என் பட்டையிடம் திரும்ப வரவில்லை. தாவீது சார் ஆரம்பத்தில் அப்படித் திரும்பக் கேட்காததற்கும் ஒரு காரணம் இருந்ததே, என்ன அது, தங்கதுரை. வகுப்புத் தலைவன் தங்கதுரை, ஆபிரகாமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், பொறுமை என்பதே கிடையாது, ஆபிரகாம் உ, உ என்று இழுக்கும்போதே இவன் சாருக்குக் குரல் கொடுத்துவிடுவான், இல்ல சார், அடுத்தது கூப்பிடுங்க சார் என்று. உ, உ என்றால் இல்லை என்று அர்த்தமா, கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம், அதை இல்லை என்று மாற்றிச் சொன்னவன் தங்கதுரை. நடுவில் இருப்பவன். கர்னலுக்கும் பட்டைக்கும் நடுவில் இருப்பது யார்? என் ட்ரைவர். புள்ளிகளை எழுப்ப மின்னழுத்தம் ஏற்றித் தருகிற குட்டிச் சில்லு ஒன்று இருக்கிறது, அது சோம்பேறி, மெதுவாகத்தான் விழிக்கும், அதனிடம் கேட்டால் பிறகு வா என்கிறது, லாக் எழுதுகிற நேரத்தில் அது விழித்துவிடுகிறது, அதனால்தான் லாக் போட்டால் பட்டை கிடைக்கிறது, எல்லாம் சரி, அந்தப் பிறகு வா என்ற பதில் என் ட்ரைவருக்குள் வந்ததும் என்ன ஆகிறது. கோப்பைத் திறந்தேன், விரல் வரி வரியாக இறங்குகிறது, இதோ, என்ன பதில் வந்தாலும் சரி, பதில் சரியில்லை என்றால் ஆள் இல்லை என்று கர்னலுக்குச் சொல்லிவிடு, ஒரே வரி, சுருக்கமாக, அழகாக, அகம்பாவமாக எழுதப்பட்ட வரி, தலைப்பில் சற்குணம் என்று பெயர். தங்கதுரையை எழுதியவன் நான்தான்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், ஃபர்ஹானா கொய்யாவை வைத்துவிட்டு என்ன சார் என்றாள், எனக்கே உ, உ என்றுதான் வந்தது.

கம்பைலை நிறுத்தினேன், தூங்கு என்ற அந்த வெட்கங்கெட்ட வரியைத் தூக்கினேன், ஆள் இல்லை என்ற வரியையும் தூக்கினேன், சில்லிடமிருந்து என்ன பதில் வந்ததோ அதை அப்படியே கர்னலிடம் கொடு என்று எழுதினேன், நீ ஒன்றும் அர்த்தம் சொல்ல வேண்டாம், கொண்டுபோய்க் கொடு, போதும். விட்ட இடத்திலிருந்து கம்பைல் திரும்ப ஓடியது, இந்த முறை அந்த நேரம் எனக்குப் பாரமாக இல்லை, கால் தரையில் நிற்கவில்லை, நிற்காத காலோடு தண்ணீர் குடித்தேன், இரண்டு முறை கழிவறைக்குப் போனேன், லேத் சத்தத்துக்குத் தாளம் போட்டேன். முடிந்ததும் பெட்டியில் ஏற்றி, மின்சாரத்தைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, ஆன் செய்தேன். விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, வழவழ, பிறகு பட்டையில் மெல்ல ஒரு நடுக்கம், இடது ஓரத்தில் முதல் புள்ளி, அதையடுத்து மழை பிடிப்பது போல் வரிசை முழுக்கப் புள்ளிகள். இன்னொரு முறை. இன்னொரு முறை. ஃபர்ஹானா பெட்டியை ஏசிக்கு நேராகப் பிடித்துக் குளிரவைத்துக் கொடுத்தாள், பேட்டரியை இறக்கிக் கொடுத்தாள், வம்புக்கென்றே மின்சாரத்தைப் படக் படக்கென்று தட்டிவிட்டாள், சில சமயம் உடனே, சில சமயம் தாமதமாக, ஒவ்வொரு முறையும் பட்டை வந்துவிட்டது. வெங்கடபதி சார் வந்து என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார், ஒரு வரி என்றேன், ஒரு வரிக்கா இத்தனை நாள் என்றார், அந்த வரி எது என்று தெரிய இத்தனை நாள் என்றேன். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான், முப்பத்தெட்டு வயது ஆளுக்கு மேசை மேல் ஏறிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது, மைசூர்பாகு மட்டும் வாங்கவில்லை.

படிக்கட்டில் இருக்கும்போதே அவள் குரல் வந்துவிட்டது, டீக்கு முன்னாலேயே. முத்துவேல் அவளை என் நாற்காலியில் உட்காரவைத்துக் கையைப் பெட்டி மேல் வைத்தான். ஆன் செய்யட்டுமா என்று நான் கேட்டதை அவன் தட்டிக் காட்டினான், "வேணாம், நானே போடுறேன், யாரும் தொடாதீக" என்றாள். தடவித் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்திவிட்டு விரல்களைப் பட்டை மேல் வைத்துக்கொண்டாள். கர்னல் உள்ளே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, பிறகு அந்த மெல்லிய படபடப்புச் சத்தம் வந்தது, புள்ளிகள் எழுகிற சத்தம், காது பழகியவனுக்கு மட்டும் கேட்கிற சத்தம். "வந்திருச்சு" என்றாள். அணைத்தாள். திரும்பப் போட்டாள். வந்திருச்சு. மறுபடி அணைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் என்னைவிடக் கறாராகச் சோதித்தாள், முத்துவேல் போதும்க்கா என்று அவள் விரலில் தட்டப் போனபோது கையை உருவிக்கொண்டாள். "தட்டாத. அங்கிட்டுப் போயி நின்னு போன்ல எழுது, தட்டுனா எனக்கு எப்படித் தெரியும், இது வேலை செய்யுதா இல்லையான்னு" என்றாள். ஃபர்ஹானா அவன் போனைப் பெட்டியோடு இணைத்துக் கொடுத்தாள், அவன் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றான், எழுதினான், எழுதிக்கொண்டே இருந்தான், இரண்டு சொல் எழுத இவ்வளவு நேரமா என்று நான் நினைத்தேன். புள்ளிகள் எழுந்தன. அவள் ஒவ்வொரு சொல்லாகத் தடவி, தன் வழக்கப்படி தெருவுக்கே கேட்கிற குரலில் வாசித்தாள்: "அக்கா, போகமாட்டேன்னு நான் சொன்னது உனக்காக மட்டும் இல்ல. உங்கிட்டப் பேசாம எனக்கு இருக்கத் தெரியாது. அங்க எனக்கு யாரு இருக்கா." அலுவலகம் முழுக்கக் கேட்டது. படிக்கட்டில் நின்றவனுக்கு ஓடி ஒளிய இடமில்லை. டீ கொண்டுவந்தவர் தம்ளர்களை வைக்காமல் நின்றார். அவள் விரல்கள் பட்டையின் ஆரம்பத்துக்குப் போய் அதையே இன்னொரு முறை வாசித்தன, விரல் உரசுவது மட்டும் கேட்டது. பிறகு, அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் குரல் போகச் சொன்னாள்: "கிளம்பிப் போடா. அங்க இருந்து தினமும் எழுது, நான் வாசிப்பேன். இந்த இங்கிலீசு எழுத்துல தமிழ எழுதாத, வாசிக்கிறதுக்குள்ள உசுரு போயிருது." ஃபர்ஹானா சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். முத்துவேல் அழுதான், அது எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புள்ளிகள் மறுபடி எழும் சத்தம் வந்தது, நீளமாக வந்தது, அவள் கடைசி வரை தடவினாள். இந்த முறை சத்தமாக வாசிக்கவில்லை.